கம்ப்யூட்டர் மாறியதும் 'அம்மா' எங்கே போனாள்? தமிழ்த் தட்டச்சின் 90 வருடக் கதை

1/
பழைய கம்ப்யூட்டரை ஓரங்கட்டிட்டுப் புதுசு வைக்கிற அன்று, டி.டி.பி. கடை, ஆபீஸ், கிளினிக் எல்லா இடத்திலும் ஒரே புலம்பல்தான்: "சார், என் தமிழ் போச்சு." 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதனால் இந்தப் புலம்பல் இப்போ மறுபடியும் கேட்குது. டாக்டர் எதுக்கு இதைப் பற்றி எழுதணும்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க நட்புகளே.

2/
மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை. முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுப்போம். நல்ல மருந்து. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிடணும். மற்ற சர்க்கரை, பிரஷர் மாத்திரை மாதிரி தினமும் போட்டால் வாயெல்லாம் புண் வரும், எலும்பு மஜ்ஜை பாதிக்கும், ரத்த அணுக்கள் இறங்கும், உயிரே போகலாம். உலகம் முழுக்க இந்தத் தவறால் இறப்புகள் நடந்திருக்கு. ஆக, "வாரம் ஒரு நாள் மட்டும்" என்ற நாலு வார்த்தைதான் இந்த மருந்துக்குக் காவல்.

3/
வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் மருந்துச் சீட்டு இங்கிலீஷில் இருக்கும். வீட்டில் அதைப் படிப்பது பாட்டி இல்லை, பேத்தியோ மருமகளோதான். அதனால் தமிழில் ஒரு அறிவுரைத் தாள் அச்சடித்துக் கொடுப்பது ரொம்ப உதவும். அதோடு நம்ம ஊர் அமைப்பையும் பாருங்க. பாகூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கடலூர் மாவட்டம். வில்லியனூரைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். நோயாளி எல்லை தாண்டித் தாண்டி வைத்தியம் பார்ப்பார். அவரோட ஃபைலும் ஊர் ஊராகப் போகும். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர், ஒவ்வொரு ஃபாண்ட்.

4/
அந்தத் தாள் பாமினி மாதிரி ஒரு பழைய ஃபாண்டில் அடித்தது என்று வையுங்க. புது கம்ப்யூட்டரில் அந்த ஃபாண்ட் இல்லை. அச்சடித்தால் என்ன வரும்? மருந்து பெயர் ஆங்கில ஃபாண்டில் அடித்தது, அது சரியாக வரும். 7.5 என்ற எண்ணும் சரியாக வரும், ஏன்னா எண்கள் இடம் மாறுவதில்லை. "வாரம் ஒரு நாள் மட்டும்" என்ற வரி மட்டும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். எது இல்லாமல் போனால் ஆபத்தோ, சரியாக அதுதான் காணாமல் போகுது.

5/
"தமிழ் போச்சு" என்று சொல்லும்போது உண்மையில் இரண்டு வேறு வேறு இழப்பு இருக்கு.

ஒன்று, விரல் இழப்பு: 20 வருஷமாக அடித்துப் பழகிய கீபோர்டு அமைப்பு புது சிஸ்டத்தில் இல்லை.

இரண்டு, எழுத்து இழப்பு: பழைய கோப்பைத் திறந்தால் படிக்க முடியவில்லை.

இரண்டுக்கும் மருந்து இருக்கு. ஆனால் வேறு வேறு மருந்து. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற மாதிரி இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சனை.

6/
இரண்டாவது இழப்புக்குப் பாகூரிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கு. 1879-ல் பாகூர்ப் பக்கம் செப்பேடுகள் கிடைத்தன. 9-ஆம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டு. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம், அதாவது ஒரு கல்விச்சாலைக்கு, 3 கிராமங்களைத் தானமாகக் கொடுத்த சாசனம். ஆயிரம் வருஷம் கழித்தும் செம்பில் வெட்டிய எழுத்து அழியவில்லை. ஆனால் பாகூர்க்காரர் யாரும் அதை எடுத்துப் படிக்க முடியாது. சமஸ்கிருதப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி பழைய எழுத்து வடிவத்தில். கல்வெட்டு அறிஞர்தான் படித்துச் சொல்லணும். எழுத்து அப்படியே இருக்கு, படிக்கிற சாவி கைமாறிப் போச்சு. உங்க பழைய வேர்டு ஃபைலுக்கு நடப்பதும் இதேதான். என்ன, இங்கே ஆயிரம் வருஷம் ஆகலை, பத்து வருஷம் போதும்.

7/
சரி, கதைக்கு வருவோம். விரல் பழக்கம் எங்கே ஆரம்பித்தது? டைப்ரைட்டரில். 1930-களில் யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா, மலாயா, சிங்கப்பூரில் வேலை பார்த்தவர், தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசை அமைப்பு வகுத்து ஜெர்மனியில் செய்ய வைத்தார். அவருக்கு இருந்த சிக்கலை நினைச்சுப் பாருங்க. தமிழில் 247 எழுத்து. ஒரு டைப்ரைட்டரில் நாற்பத்துச் சொச்சம் கீ. மேலும் கீழுமாக 2 எழுத்து வைத்தாலும் 90 சொச்சம்தான் வரும்.

8/
தீர்வு: முழு எழுத்தை வைக்காமல் துண்டுகளை வைப்பது. கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. "கொ" அடிக்கணுமா? முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். பேப்பரில் இடமிருந்து வலமாக எப்படித் தெரியுமோ அதே வரிசை.

புள்ளிக்கு ஒரு சாமர்த்தியம். புள்ளி கீயைத் தட்டினால் வண்டி நகராது. அதனால் முதலில் புள்ளியைத் தட்டி, அப்புறம் எழுத்தைத் தட்டினால், எழுத்து சரியாகப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். "அம்மா" என்றால் அ, புள்ளி, ம, ம, கால்.

9/
இந்த வரிசையை மனசில் வைச்சுக்கோங்க. கொம்பு முதலில், புள்ளி முதலில். 2 தலைமுறை டைப்பிஸ்டுகளின் விரலில் இதுதான் ஏறி உட்கார்ந்தது. லோயர், ஹையர் பரீட்சை எழுதி, கண்ணை மூடிக்கிட்டு அடிக்கிற அளவுக்கு. புதுச்சேரியில் 1965 ஆட்சிமொழிச் சட்டம் அரசு வேலைகளில் தமிழுக்கு இடம் கொடுத்த பிறகு, ஆபீஸ் தமிழும் இந்த விரல்கள் வழியாகத்தான் வந்தது. இது மூளைக்குத் தெரிகிற அறிவு இல்லை. சைக்கிள் ஓட்டுவது மாதிரி. "ம எங்கே இருக்கு?" என்று கேட்டால் அவங்களுக்குச் சொல்லத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

10/
நடுவில் எழுத்தே ஒரு முறை மாறியது. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் 1935 முதல் தன் பத்திரிகையில் பயன்படுத்திய சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஆணையாக்கியது. துதிக்கை மாதிரி வளைந்த பழைய ணை, லை, ளை, னை போய், எல்லா எழுத்தையும் போலச் சாதாரண ஐகாரக் குறி வந்தது. ணா, றா, னாவும் அப்படியே. மொத்தம் 13 எழுத்து. அச்சுக்கோப்பவருக்கும் டைப்பிஸ்டுக்கும் வேலை குறைந்தது. அழகான ஒரு வடிவம் போனதில் பலருக்கு வருத்தமும் இருந்தது. ஆனாலும் பழைய புத்தகத்தை இன்றும் நாம் படிக்கிறோம், ஏன்னா கண் சீக்கிரம் பழகிக்கொள்ளும். விரல் அப்படி இல்லை.

11/
அடுத்து கம்ப்யூட்டர் வந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளை ஆரம்பித்துவிட்டார். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை ஃபாண்டை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையைக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத் தமிழர் போன இடமெல்லாம் பாமினி போனது. கவனியுங்க, பெரிய கம்பெனி எதுவும் நமக்காக இதைச் செய்யவில்லை. வேறு வேறு வேலையில் இருந்த தமிழர்கள் ராத்திரி உட்கார்ந்து செய்தது.

12/
அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒரு குறுக்குவழி. ஆங்கில எழுத்து இருக்கிற இடத்திலேயே தமிழ் உருவத்தை வரைந்து வைத்துவிடுவது. பாமினியில் "அம்மா" அடித்தால் கோப்பில் உண்மையில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஏதோ ஆங்கிலக் கிறுக்கல். பாமினி என்ற மூக்குக்கண்ணாடியைப் போட்டால் மட்டும் அது "அம்மா".

கண்ணாடியைக் கழற்றினால் அம்மா இல்லை. தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

13/
இதில் விரல், பதிவு, உருவம் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கு. எந்தக் கீயைத் தட்டினீங்களோ அதுதான் கோப்பில் பதிவாகும், அதுதான் உருவமாகத் தெரியும். ஒன்று மாறினால் மூன்றும் போச்சு. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு இடம் ஒதுக்கியது. ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அடுத்த கடையில் திறக்க முடியாது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில், டி.டி.பி. கடைகளில் வேறு, பத்திரிகை அலுவலகங்களில் இன்னொன்று. ஒரே மொழிக்குள்ளேயே ஒருத்தர் எழுதியது இன்னொருத்தருக்குப் புரியாத நிலை.

14/
1997 வாக்கில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து ஒரு பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். பெயர் திஸ்கி. 256 இடத்தில் கீழ்ப்பாதி ஆங்கிலத்துக்கு, மேல்பாதி தமிழுக்கு. ஒரே ஃபாண்டில் இரண்டு மொழியும் அடிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் கையால் தட்டி ஏற்றியபோது திஸ்கிதான் கைகொடுத்தது.

ஆனால் ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் "தமிழ்" என்ற வார்த்தை எப்படித் தெரியும் தெரியுமா? முக்கால் பின்னக்குறி, தலையில் கோடு போட்ட 'ஏ', சென்ட் நாணயக்குறி, தலையில் கோடு போட்ட 'யூ'. அந்தக் கால மின்னஞ்சல் பார்த்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும்.

15/
1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளையும், தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பையும் தரமாக ஏற்றது. தமிழ்99 நல்ல யோசனை. உயிர் இடது கையில், மெய் வலது கையில். 12 உயிரும் 18 மெய்யும் ஷிஃப்ட் தொடாமலேயே வந்துவிடும். "அம்மா" என்றால் அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே மெய்யை 2 முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வரும். ங்க, ஞ்ச, ந்த, ண்ட, ம்ப, ன்ற எல்லாவற்றுக்கும் அப்படியே.

16/
புதுசாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு இன்றும் நான் தமிழ்99-தான் சொல்வேன். ஆனால் 45 வயது டைப்பிஸ்ட் அக்காவிடம் போய் "இது விஞ்ஞானபூர்வமானது, மாத்திக்கோங்க" என்று சொல்வது வேறு விஷயம். ஒரு நாளைக்கு 40 பக்கம் அடிப்பவர் திடீரென 4 பக்கம்தான் அடிக்க முடியும். மேலதிகாரி கேட்பார். வேலை தேங்கும். புதுசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பழைய விரலுக்கு வழி விடாவிட்டால் மனுஷங்க பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழுவாங்க. அழுதாங்க.

17/
இதற்கிடையில் யூனிகோடு. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் குறியீடு. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கியாச்சு. விண்டோஸ் 2000-ல் தமிழ் யூனிகோடும் லதா ஃபாண்டும் உள்ளேயே வந்தன. இனி "ம" என்றால் எந்தக் கம்ப்யூட்டரிலும் "ம". ஃபாண்ட் மாறினால் அழகு மாறும், எழுத்து மாறாது. உருவமும் பதிவும் முதல்முறையாகத் தனித்தனியாகப் பிரிந்தன. இரண்டாவது இழப்புக்கு, அதாவது எழுத்து இழப்புக்கு, நிரந்தர மருந்து இதுதான்.

18/
ஆனால் மருந்துக்குப் பக்கவிளைவு. விண்டோஸ் உள்ளே வந்த தமிழ்க் கீபோர்டு இன்ஸ்கிரிப்ட். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக மத்திய அரசு வகுத்த அமைப்பு. தமிழ் டைப்ரைட்டர் பழகியவருக்கு எந்த எழுத்தும் எந்த இடத்திலும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வரிசை. யூனிகோடு உச்சரிப்பு வரிசையில் பதியும்: "கொ" என்றால் முதலில் க, பிறகு ஒகரக் குறி. டைப்பிஸ்ட் விரலோ கொம்பை முதலில் தட்டும். கொம்பு தனியாக வந்து ஒரு புள்ளி வட்டத்தோடு திரையில் தொங்கும். "சார், என் தமிழ் போச்சு."

19/
இந்த இடத்தில்தான் நம்ம ஆளுங்க செய்த வேலையை நிறைய பேருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் மார்க் டர்டின் என்பவர் லாவோ மொழி தட்டுவதற்காக 1990-களின் தொடக்கத்தில் கீமேன் என்று ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். விரலுக்கும் பதிவுக்கும் நடுவில் உட்கார்ந்து, தட்டியதை மாற்றிக் கொடுக்கும் ஒரு மெல்லிய அடுக்கு. அதை அடிப்படையாக வைத்து முகுந்தராஜும் தமிழா! குழுவினரும் எ-கலப்பையைக் கொடுத்தார்கள். இலவசமாக. 2000-களில் தமிழ் வலைப்பதிவு எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்தக் கலப்பையில் உழுதவர்கள்தான். 2000-ல் வந்த அழகியும் அப்படியே பல பேருக்கு முதல் தமிழ்.

20/
டைப்பிஸ்ட் அக்காவின் பிரச்சனையை நேராகத் தொட்டது என்.எச்.எம். ரைட்டர். பத்ரி சேஷாத்ரியின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்டது, எழுதியவர் நாகராஜன். தமிழ்99, ஒலிப்புமுறை, பாமினி, இன்ஸ்கிரிப்ட் இருந்தன, அதோடு பழைய டைப்ரைட்டர் அமைப்பும் இருந்தது.

அது செய்யும் வேலை இப்படி. நீங்க கொம்பைத் தட்டுறீங்க. மென்பொருள் அவசரப்படாது, அதை நினைவில் வைத்துக் காத்திருக்கும். க தட்டுறீங்க. உடனே இரண்டையும் இடம் மாற்றி க-வை முன்னால் பதியும். கால் தட்டுறீங்க. "ஓ, இது கெ இல்லை, கொ" என்று திருத்திக்கொள்ளும்.

21/
விரல் 1930-களின் வரிசையில் ஓடும். கோப்பில் யூனிகோடு வரிசையில் பதியும். இருவருக்கும் சண்டையே இல்லை. மூன்றையும் கட்டியிருந்த கயிறு இங்கேதான் முழுசாக அவிழ்ந்தது. விரல் உங்க பழக்கம், அதை மாற்றவேண்டியதில்லை. பதிவு பொதுத்தரம், அதில் சமரசம் கூடாது. உருவம் உங்க ரசனை.

மேம்படுத்தலில் தொலைந்த வசதியைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் பழைய சிஸ்டத்துக்கே திரும்பிப் போவது என்று பலர் நினைக்கிறாங்க. தேவையில்லை. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்தால் போதும்.

22/
எழுத்து இழப்புக்கும் ஆட்கள் வந்தார்கள். சுரதாவின் எழுத்துரு மாற்றியில் பாமினி, திஸ்கி என்று பழைய குறியீட்டை ஒட்டினால் யூனிகோடாக மாற்றித் தரும். என்.எச்.எம். கன்வர்ட்டரும் அதே வேலை. கல்வெட்டு அறிஞர் பாகூர்ச் செப்பேட்டுக்குச் செய்ததை இது உங்க 2003-ஆம் வருடக் கோப்புக்குச் சில நொடியில் செய்யும். மதுரைத் திட்டமும் தன் நூல்களை யூனிகோடில் கொண்டுவந்தது. அதனால்தான் இன்று கைபேசியில் குறளைத் தேடினால் கிடைக்குது.

23/
அரசும் வந்து சேர்ந்தது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோடு ஓடாத இடங்களுக்கு மாற்றாக டேஸ்-16 என்ற குறியீடு. ஆனால் ஆணை ஒரு நாளில் வரும், ஆபீஸ் மாற வருஷம் பிடிக்கும். டி.டி.பி. கடைகளுக்கு இன்னொரு கஷ்டம். அவங்க உயிராக வைத்திருந்த பேஜ்மேக்கருக்குத் தமிழ் யூனிகோடே தெரியாது. 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு அந்த மென்பொருளின் வளர்ச்சியும் நின்றுவிட்டது. ஆக, அவங்க பழைய ஃபாண்டில் தொடர்ந்ததற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை.

24/
பிறகு ஒவ்வொரு கெடுவாக வந்தது. எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. இப்போ விண்டோஸ் 10. ஒவ்வொரு கெடுவிலும் யாரோ ஒருவரின் தமிழ் போகுது. விண்டோஸ் 11, 64-பிட்டில் மட்டும்தான் வரும். 1990-களின் 16-பிட் தமிழ் மென்பொருள் அதில் ஓடவே ஓடாது, எத்தனை முறை இன்ஸ்டால் பண்ணினாலும் சரி.

25/
கைபேசி வேறு ஒரு கதை. முத்து நெடுமாறனின் செல்லினம் முதலில் வந்தது. 2013-ல் ஐஃபோனின் ஐ.ஓ.எஸ். 7-லேயே தமிழ்99-ம் அஞ்சலும் உள்ளே வந்தன. 2019-ல் விண்டோஸ் 10-லும் ஒலிப்புமுறைத் தமிழ்க் கீபோர்டு சேர்ந்தது. தமிழ்99-ம் இப்போது விண்டோஸ் உள்ளேயே கிடைக்குது. தன்னார்வலர்கள் 20 வருஷம் தனியாகக் கொடுத்த வசதி கடைசியில் கம்பெனிக்காரனின் பெட்டிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. இன்று 16 வயசுப் பிள்ளைக்கு இது ஒரு பிரச்சனையே இல்லை. பிரச்சனை பழைய விரலுக்கும் பழைய கோப்புக்கும்தான்.

26/
நமக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதீங்க. மியான்மரில் ஸாஜி என்ற ஃபாண்ட் நாடு முழுக்கப் பரவியிருந்தது. நம்ம பாமினி மாதிரியே யூனிகோடுக்கு ஒத்துவராதது. பாதி பேர் எழுதியது மீதி பேருக்குப் படிக்க முடியாத நிலை. கடைசியில் 2019 அக்டோபர் 1-ஐ நாளாகக் குறித்து நாடே யூனிகோடுக்கு மாற ஆரம்பித்தது. தமிழில் அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. கடை கடையாக, ஆபீஸ் ஆபீஸாக, இன்னும் மாறிக்கொண்டிருக்கிறோம்.

27/
இப்போ ஒரு முக்கியமான எச்சரிக்கை. மாற்றி என்பது மந்திரக்கோல் இல்லை. 3 இடத்தில் சறுக்கும்.

அ) தாள் முழுவதையும் அள்ளி மாற்றியில் போட்டால், நடுவில் இருக்கிற ஆங்கில மருந்துப் பெயரையும் தமிழ் என்று நினைத்து உளறலாக்கிவிடும்.

ஆ) பழைய ஃபாண்டில் ர-வும் காலும் கண்ணுக்கு ஒரே மாதிரி. டைப்பிஸ்ட் கால் போடுகிற இடத்தில் ர போட்டிருப்பார். அச்சில் தெரியாது, மாற்றிய பிறகு தேடினால் சிக்காது.

இ) ஔ-வுக்குப் பதில் ஒ-வையும் ள-வையும் பக்கத்தில் வைத்து அடித்த 'ஒளவை'. கண்ணுக்கு ஔவை, கம்ப்யூட்டருக்கு வேறு.

28/
அதனால் மருந்து அளவு, போடும் நேரம், அலர்ஜி விவரம் இருக்கிற எந்தத் தாளையும் மாற்றிய பிறகு ஒரு மனுஷக் கண் வரிக்கு வரி பார்க்கணும். ஒருத்தர் பழைய அச்சுப் பிரதியை வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தர் புதுசைப் பார்க்கணும். அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிற பழைய முறைதான். இதற்கு இன்னும் மாற்று வரவில்லை.

29/
நீங்க என்ன செய்யணும்? கம்ப்யூட்டர் மாற்றுவதற்கு முன்னால்:

* பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்து பி.டி.எஃப். ஆக ஒரு பிரதி எடுத்து வையுங்க. அதில் உருவமும் சேர்ந்தே பதியும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் சாட்சி.
* எந்த ஃபாண்டில் அடித்தது என்று பெயரை எழுதி வையுங்க. ஃபாண்ட் கோப்பையும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கோங்க.
* பழைய சிஸ்டத்தை உடனே ஃபார்மட் பண்ணாதீங்க. ஒரு மாதம் ஓரமாக இருக்கட்டும்.

30/
மாற்றிய பிறகு:

* விரலுக்கு: டைப்ரைட்டர் பழகியவர் தட்டச்சு அமைப்பு இருக்கிற ஒரு மென்பொருளைப் போட்டுக்கோங்க. என்.எச்.எம். ரைட்டர், எ-கலப்பை, அழகி, இப்போது இலவசமாகக் கிடைக்கும் கீமேன், எது உங்க சிஸ்டத்தில் ஓடுதோ அது. புதுசாகக் கற்பவர் தமிழ்99.
* எழுத்துக்கு: அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை மட்டும் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்க.
* பழைய ஃபாண்டைத் திரும்பப் போட்டு ஓட்டுவது முதலுதவி. அவசரத்துக்குச் சரி. ஆனால் அந்த வரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடி குப்பைதான்.

31/
நோயாளிகளுக்கும் வீட்டில் இருப்பவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவுரைத் தாளில் ஒரு வரி புரியாத எழுத்தாக வந்திருந்தால் "ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு" என்று விட்டுவிடாதீங்க. அந்த வரியில்தான் முக்கியமான விஷயம் இருக்கலாம். திரும்ப வந்து கேளுங்க. போன் பண்ணிக் கேளுங்க. கேட்பது உங்க உரிமை. வாரம் ஒரு முறை மாத்திரை என்றால் எந்தக் கிழமை என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ பேனாவில் எழுதி வாங்கிக்கோங்க. "ஞாயிறு மட்டும்" என்று கையால் எழுதியது எந்த அப்டேட்டிலும் மாறாது.

32/
முத்தையா முதல் நாகராஜன் வரை இந்தக் கதையில் வந்தவர்கள் பெரும்பாலோர் நம்மிடம் பணம் கேட்கவில்லை. அவங்க கொடுத்த வசதி இணையத்தில் கிடைக்குது, ஆனால் அது தேவைப்படும் ஆளுக்கு அது இருப்பதே தெரியாது. உங்க ஊர் டி.டி.பி. கடை அண்ணன், கொம்யூன் ஆபீஸ் டைப்பிஸ்ட் அக்கா, சர்க்கரை மாத்திரைத் தாள் அச்சடிக்கும் கிளினிக் தம்பி, இவங்களுக்கு இந்த த்ரெட்டை அனுப்புங்க. உங்க ஊரில் எந்த ஃபாண்டில் சிக்கி நிற்கிறீங்க என்று கீழே சொல்லுங்க. தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும்.